விளக்கேற்ற அழைத்தார்கள்

ஜூலை 7, ஞாயிறு

மைதா கம்பெனிக்காரர்கள் எங்கள் பேக்கரிக்குக் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுதத் தோன்றியது.

காலைப் பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வரும்போது சென்னையிலிருந்து போன். டென்னிஸ் சங்கத்துக் காரியதரிசி. அகில இந்திய ஹார்டுகோர்ட் சாம்பியன்ஷிப் இந்த முறை செப்டம்பரில் சென்னையில் நடக்கிறதாம். மூன்று முறை அந்தப் பட்டத்தை வென்றவள் என்ற முறையில் நான் தொடக்க விழாவுக்கு வந்து குத்துவிளக்கு ஏற்ற வேண்டுமாம்.

"பட்டுப் புடவையில வந்தீங்கன்னா போட்டோவுக்கு நல்லா இருக்கும் மேடம்" என்றார்.

என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. "விளக்க வேற யாராவது ஏத்தட்டும் சார். எனக்கு ஒரு வைல்டு கார்டு குடுங்க. ஆடுறேன்."

தகுதிச் சுற்று ஆடாமல் நேராக உள்ளே விடுகிற அனுமதி அது. பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். 

"டபுள்ஸா மேடம்?"

"சிங்கிள்ஸ்."

"தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு இப்ப வயசு..."

"முப்பத்தெட்டு."

கமிட்டியில் கேட்டுவிட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் காத்திருந்தார், மகள் ஆக்னஸ் முன்னால் நின்றுகொண்டு ஹாரனை அடித்துக்கொண்டிருந்தாள். "யாரு போன்ல?" என்று கேட்டார். "சென்னையில விளக்கேத்தக் கூப்பிடுறாய்ங்க" என்றேன். மீதியைச் சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

கொடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் நான் வேலை பார்க்கிற வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும்போது மெசேஜ் வந்தது. எதிரே நின்ற பெரியவர், "என்னம்மா, லாட்டரி விழுந்துருச்சா?" என்று கேட்கும் அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

சாயங்காலம் நேரே பேக்கரிக்குப் போய்ச் சொன்னேன். இவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"தோத்துட்டா?"

"தோத்துட்டு வர்றேன்."

"சரி. காலைல எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?"

அவ்வளவுதான் அமலன். அடுப்பு மூட்ட எப்படியும் விடியுமுன் எழுகிறவர். என்னையும் எழுப்பிவிடுவதில் அவருக்கு ஒன்றும் சிரமமில்லையாம். கல்யாணமான புதிதில் இந்த மனிதருக்கு ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று வருந்தியிருக்கிறேன். கடையை விட்டு நகர முடியாததால் என் மேட்ச் ஒன்றுகூட அவர் பார்த்ததில்லை. இன்றைக்கு அதுவே நல்லதாகத் தோன்றியது. ஆட்டம் தெரிந்தவராக இருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பார்.

என் கடைசி மேட்ச் குவாஹாட்டியில். எட்டு வருஷம் ஆகிறது. காய்ச்சலோடு ஆடி முதல் சுற்றிலேயே தோற்றேன். பார்க்க நாலைந்து பேர், அதில் இரண்டு பேர் மைதான ஊழியர்கள். அப்புறம் ஆக்னஸ் பிறந்தாள். அவளுக்கு இப்போது ஏழு வயது. அம்மா கோப்பைகளைத் துடைத்துத்தான் பார்த்திருக்கிறாள், வாங்கிப் பார்த்ததில்லை. அவள் ஒரு தடவை பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இது.

ஜூலை 15, திங்கள்

மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் காலை ஆறு மணிக்குப் பயிற்சி. என்னோடு ஆட ஒத்துக்கொண்டவர் வக்கீல் பாலதண்டாயுதம். ஐம்பது வயது, நல்ல கால், பந்தை விடமாட்டார். ஒரே தொல்லை, ஒவ்வொரு பந்துக்கும் வாதாடுவார்.

"ஜெசிந்தாம்மா, அது அவுட்டு."

"சார், கோட்டுல விழுந்த தடம் தெரியுது பாருங்க."

"அந்தத் தடம் முந்தாநாள் தடம்மா. சாட்சியாகாது."

முதல் நாள் அவரிடம் தோற்றேன். கால் தரையில் ஒட்டிக்கொண்டது, மூச்சு இரைத்தது. ஆனால் ஒரு பந்து, பேக்ஹேண்டில், கோட்டை ஒட்டி நேராகப் போனது. மட்டையில் பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தச் சத்தம் எனக்குள் இன்னும் இருக்கிறது. அதற்காக வீடு வரைக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன்.

தோளில் லேசாக ஒரு பிடிப்பு. எட்டு வருஷம் எண்ணெய் போடாத கதவு, அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 24, புதன்

வக்கீலை ஜெயித்தேன். "அப்பீல் பண்ணுவேன்" என்றார்.

வங்கியில் லாக்கர் அறைக்கு இரண்டு தடவை போக வேண்டி வந்தது. மேல் வரிசை லாக்கர் என்றால் இப்போது கூட வேலை பார்க்கிற சுந்தரவல்லியை அனுப்பிவிடுகிறேன். அவளுக்கும் நடந்த மாதிரி இருக்கும். உட்கார்ந்தே இருந்தால் உடம்பு போட்டுவிடும் என்று அவளிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, சனி

திண்டுக்கல் போய் வந்தேன். ஒரு பூட்டு வாங்கினேன்.

சாயங்காலம் இவர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மதுரையில பூட்டு கெடைக்கலையா?"

"திண்டுக்கல் பூட்டு மாதிரி வருமா?"

"எதுக்குப் போடப் போற?"

மாடிக் கதவுக்கு என்றேன். மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவர் பூட்டை அலமாரியில் வைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பயிற்சி இல்லை. பூட்டு நல்ல பூட்டு.

ஆகஸ்ட் 12, திங்கள்

துணி காயப்போடுகிற கொடி தாழ்ந்து கிடக்கிறது. கயிறு தளர்ந்திருக்கும். எனக்கு வசதிதான், எக்க வேண்டியதில்லை. மேல் தட்டில் இருந்த பருப்பு டப்பாக்களும் கீழே வந்திருக்கின்றன. எறும்பு வந்தது என்கிறார் இவர்.

ஆக்னஸுக்குத் தலை பின்னுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். "மூணு பிரி மாவ முறுக்குறவனுக்கு மூணு பிரி முடி பெருசா?" என்றார். பின்னல் கொஞ்சம் இறுக்கம். பிள்ளையின் புருவம் மேலே ஏறி, எப்போதும் ஆச்சரியப்படுகிற மாதிரி பள்ளிக்கூடம் போகிறாள். எனக்குக் காலையில் பத்து நிமிஷம் மிச்சம். இப்படி ஒரு வீடு யாருக்கு அமையும்?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்றைக்குத் தோள் சரியாகச் சூடேறவில்லை. விளையாட்டாகக் கீழிருந்து ஒரு சர்வீஸ் போட்டேன். இடுப்புக்குக் கீழே பந்தை விட்டு, மட்டையால் சீவி. பந்து வலையைத் தாண்டி உள்ளே விழுந்து பக்கவாட்டில் செத்துப்போனது. வக்கீல் ஓடிவந்து வலையில் மோதிக்கொண்டார்.

"அப்ஜெக்‌ஷன்! இது என்ன சின்னப் புள்ளைங்க ஆட்டம்?"

"விதியில இருக்கு சார்."

அவர் நம்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து போனில் விதிமுறைகளை முழுசாகப் படித்தார். படித்து முடித்து எழுந்து வந்து, "சட்டத்துல தடை இல்ல. ஆனா தர்மத்துல இடிக்குது" என்றார். அதற்கப்புறம் ஒரு இருபது பந்து அப்படிப் போட்டுப் பார்த்தோம். சும்மா, ஒரு மாறுதலுக்கு.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். கோயிலில் நிற்க இடமில்லை. மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்தேன், இடது கையால். வலது கையில் ஆக்னஸ் தொங்கிக்கொண்டிருந்தாள் என்று எழுதலாம், ஆனால் அவள் அப்பாவிடம் இருந்தாள்.

வேண்டிக்கொள்ள நின்றபோது நன்றிதான் வந்தது. கால் இன்னும் ஓடுகிறது. கண் பந்தைப் பார்க்கிறது. வீட்டில் ஒரு மனிதர் கேள்வி கேட்காமல் இருக்கிறார். ஒன்றே ஒன்று கேட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

செப்டம்பர் 14, சனி

சென்னை. ரயிலில் வந்து சேர்ந்தோம், மூன்று பேரும். கடை ஷட்டரில் இவர் கையால் எழுதி ஒட்டியது: 'ஒரு வாரம் விடுமுறை. ஜெசிந்தா ஆடுகிறார்.' எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்தக் கடை மூடவில்லை. அவர் தம்பி திறந்து வைத்து பன் விற்றான். ஷட்டரைப் பார்த்துக்கொண்டு தெருவிலேயே நின்றுவிட்டேன். "ஆட்டோக்காரரு கத்துறாரு, ஏறு" என்றார்.

செப்டம்பர் 16, திங்கள்

விளக்கை ஒரு நடிகை ஏற்றினார். நான் ஓரமாக, டிராக் பேன்ட்டில், மற்ற பிள்ளைகளோடு நின்று கைதட்டினேன். அறிவிப்பாளர் 'முன்னாள் சாம்பியன்' என்றார். பக்கத்தில் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எந்த வருஷம் என்று கேட்டாள். சொன்னேன். "நான் அப்ப எல்.கே.ஜி. ஆண்ட்டி" என்றாள்.

முதல் சுற்று அவளோடுதான். முதல் செட் போய்விட்டது. இரண்டாவதில் அவளை வலைக்கு இழுத்து, தலைக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாவதில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு அந்த வயதில் இருந்ததைவிட இப்போது பொறுமை அதிகம், வேறென்ன.

ஜெயித்துவிட்டேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு.

ஆக்னஸ் ஓடிவந்து, "அம்மா, கப்பு எங்க?" என்றாள். கப்புக்கு இன்னும் நாலு மேட்ச் இருக்கிறது என்றதும் முகம் தொங்கிவிட்டது.

செப்டம்பர் 18, புதன்

இரண்டாவது சுற்றும் ஜெயித்தேன். இரண்டே செட்டில். நாளை மறுநாள் காலிறுதி. எதிரே போன வருஷ சாம்பியன், கோயம்புத்தூர் யாழினி. பத்தொன்பது வயது. வக்கீல் போன் செய்து, "நான் கோர்ட்டுக்கு ஒரு வாரம் வாய்தா வாங்கிட்டேன், கெளம்பி வர்றேன்" என்றார்.

தோள் நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 19, வியாழன்

மேலே எழுதியது பொய். டைரியிடம் பொய் சொல்லி என்ன கிடைக்கப்போகிறது என்று தெரியவில்லை.

மத்தியானம் ஆக்னஸ் தூங்கினாள். இவர் கட்டிலில் என் எதிரே வந்து உட்கார்ந்து, "கைய மேல தூக்கு" என்றார்.

"எதுக்கு?"

"தூக்கு ஜெசி."

காது வரைக்கும் தூக்கினேன். அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"திண்டுக்கல்ல டாக்டரு என்ன சொன்னாரு?"

"உங்களுக்கு எப்படி..."

"பதினோரு வருசமா ஒரே பாயில படுத்துருக்கோம். நீ வலது பக்கம் ஒருக்களிச்சுத்தான் தூங்குவ. ஜூலைல இருந்து மல்லாந்து மோட்டப் பாத்துப் படுத்துருக்க. மாவு பெசஞ்சு பெசஞ்சு எங்கப்பாவுக்குத் தோளு போச்சு, அந்த வலி எனக்குத் தெரியாதா? கொடியத் தாழ்த்திக் கட்டுனது யாருன்னு நெனச்ச?"

சொன்னேன். தோள் மூட்டில் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது. உடனே தைத்தால் முழுசாகச் சரியாகும் என்றார் டாக்டர். ஆடினால் கிழிசல் பெரிதாகலாம். ரொம்பப் பெரிதானால் தைக்கவே முடியாமல் போகலாம், கை தோளுக்கு மேல் எழும்பாது. டாக்டரிடம், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, எதிரே இருந்த கடையில் அந்தப் பூட்டை வாங்கினேன்.

"தெரிஞ்சும் ஏன் என்ன தடுக்கல?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவர் தூங்குகிற ஆக்னஸின் போர்வையைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்: "தடுத்தா நின்னுருப்ப. நின்னுட்டு, வாழ்நாள் முழுக்க என்னையப் பாத்து ஒண்ணுமே சொல்லாம இருந்துருப்ப. அது எனக்கு வேணாம். நாளைக்கு ஆடு. ஆனா கைய மேல தூக்காம ஆட முடியுமான்னு பாரு."

பிள்ளை பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன் என்று எழுதியிருந்தேன். அது பாதிதான். என்னை விளக்கேற்றக் கூப்பிட்டதும், போட்டோவில் மாலையோடு தொங்குகிற ஆளாக ஆகிவிட்டேனோ என்று பயந்துவிட்டேன். அதுதான் மீதிப் பாதி. அவரிடமும் சொன்னேன். "லூசு" என்றார். என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

செப்டம்பர் 20, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன். 

நல்ல வெயில். கேலரி பாதி நிறைந்திருந்தது. இவரும் ஆக்னஸும் வக்கீலும் இரண்டாவது வரிசையில்.

யாழினி அடிக்கிற அடியில் பந்து தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. முதல் செட் 4-6. ஆனால் கிட்டத்தில்தான் இருந்தேன். இரண்டாவது செட்டின் தொடக்கத்திலேயே அவள் என் தோளைக் கண்டுபிடித்துவிட்டாள். உயரமாக எழும்பும் பந்துகளை நான் இறங்க விட்டு அடிப்பதைக் கவனித்திருக்கிறாள். அதற்கப்புறம் எல்லாப் பந்தும் என் தோள் உயரத்துக்குத்தான் வந்தது. ஒன்றுவிடாமல்.

எனக்கு அப்போது வந்தது கோபமில்லை. சந்தோஷம். அவள் என்னைப் பழைய ஆளாக நினைத்து மரியாதைக்கு ஆடவில்லை. ஜெயிக்க வேண்டிய ஆளாக நினைத்து ஆடினாள். பாவம் பார்த்திருந்தால் அங்கேயே மட்டையை வைத்துவிட்டு வந்திருப்பேன். நான் இரண்டடி முன்னால் நகர்ந்து, பந்து எழும்புவதற்கு முன்பே அடிக்க ஆரம்பித்தேன். 6-4, செட் எனக்கு.

மூன்றாவது செட், 2-2. அவள் தூக்கிப் போட்ட பந்தை, புத்தி சொல்வதற்கு முன்னால் உடம்பு பாய்ந்து மேலிருந்து அறைந்தது. பாயின்ட் கிடைத்தது. உள்ளே துணி கிழிகிற மாதிரி ஒன்று கேட்டது, எனக்கு மட்டும்.

அடுத்து என் சர்வீஸ். கை எழும்பவில்லை. கீழிருந்து போட்டேன்.

கேலரியில் யாரோ சிரித்தார்கள். யாரோ "ஆண்ட்டி, பேட்மின்டனா?" என்று கத்தினார்கள். வக்கீல் எழுந்து நின்று, "விதி எண் சொல்லவா? உக்காருய்யா!" என்று திரும்பக் கத்தினார். நடுவர் அவரைத்தான் எச்சரித்தார்.

யாழினி முதல் இரண்டு பந்தை வலையில் அடித்தாள். மூன்றாவதை வெளியே அடித்தாள். அவளுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் அவள் சாம்பியன். அடுத்த முறை முன்னால் வந்து நின்று விளாசினாள். நான் சர்வீஸ் போட்ட கேமை அவள் பறித்தாள், அவள் போட்ட கேமை நான் பறித்தேன், இரண்டு முறை. எப்படி 5-4 வந்தது என்று எனக்கு முழுதாக நினைவில்லை. நினைவிருப்பதெல்லாம் ஓடியது, ஓடியது, ஓடியது. கால்களே, உங்களுக்குக் கோடி நன்றி.

மேட்ச் பாயின்ட். சர்வீஸ் என் கையில். யாழினி கோட்டுக்கு ரொம்ப உள்ளே வந்து, கிட்டத்தட்ட வலைக்குப் பாதி தூரத்தில் குனிந்து நின்றாள். கீழிருந்து வரும் குட்டைப் பந்தைக் கொன்றுவிடுவாள்.

அவளுக்குப் பின்னால் அத்தனை இடமும் காலி.

நான் கேலரியைப் பார்த்தேன். இவருக்குப் புரிந்துவிட்டது. ஆட்டமே தெரியாத மனிதருக்கு அந்தக் கணம் மட்டும் எப்படிப் புரிந்ததோ. வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு ஆட்டிய கையாலேயே தன் கண்ணை மூடிக்கொண்டார்.

பந்தை மேலே போட்டேன். கை எழுந்தது. முழுசாக எழுந்தது, இருபது வயதில் எழுந்த மாதிரி. பந்து அவள் காதோரம் தாண்டிப் போனதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேலரியில் கிளம்பிய சத்தத்தில்தான் அவளுக்கே தெரிந்தது.

மட்டை கையிலிருந்து விழுந்துவிட்டது. வலையருகே இடது கையைத்தான் நீட்டினேன். யாழினி அதைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து அழுதாள். நானும்.

வலிக்கிறது. எழுதுகிறேன்: வலிக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதி முடிக்க மூன்று தடவை நிறுத்தினேன்.

செப்டம்பர் 21, சனி

இன்றைக்கு அரையிறுதி. ஆடவில்லை.

காலையில் சீப்பு தலைக்கு எட்டவில்லை. கண்ணாடி முன்னால் நின்று இடது கையால் முயன்றுகொண்டிருந்தேன். இவர் சீப்பை வாங்கி, என்னை நாற்காலியில் உட்காரவைத்து வாரினார். போட்டி மருத்துவர் நேற்றே சொல்லியிருந்தார், ஊசி போட்டால் இரண்டு மணி நேரம் வலி தெரியாது என்று. பத்து மணிக்குப் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

பின்னல் பாதியில் இருக்கும்போது சொன்னேன். "என்னங்க, இன்னைக்கு ஆடல."

அவர் கை நின்றது. "நெசமாவா?"

"வலிச்சாத்தான் எங்க நிறுத்தணும்னு தெரியும். வலியே தெரியாம ஆடுனா கை போறது எனக்கே தெரியாது. இந்தக் கை எனக்கு இன்னும் வேணும்."

அவர் நிம்மதியாக மூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன். பின்னி முடித்து, ரப்பர் போட்டார். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, "நல்ல முடிவு" என்றார். குரல் சரியாக இல்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நேத்து உன்ன மாதிரி ஒரு பொம்பளைய நான் எங்கயும் பாத்ததில்ல. இத்தன வருசம் கடையக் கட்டிக்கிட்டு அழுதுட்டேன். இன்னைக்கும் ஒரு தடவ பாத்துரலாம்னு ஆசையா எந்திரிச்சேன். அவ்வளவுதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் கெடக்கேன், நீ போன் பண்ணு."

நடுவர் அறைக்குப் போன் செய்து விலகுவதாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் பாதியில் விட்ட போட்டி வேறு கிடையாது. அழுவேன் என்று நினைத்தேன். பசித்தது. வக்கீலோடு நாலு பேரும் விடுதிக்குக் கீழே இருந்த ஹோட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். வக்கீல் இரண்டு.

அக்டோபர் 1, செவ்வாய்

திண்டுக்கல் டாக்டர் புதிய ஸ்கேனைப் பார்த்துவிட்டு முதலில் திட்டினார். பிறகு, "தைக்கலாம்" என்றார். "இன்னும் ஒரு மேட்ச் ஆடியிருந்தீங்கன்னா என்கிட்ட வந்தும் பிரயோஜனமில்ல." இவர் டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அடுத்த நோயாளி உள்ளே வரும்வரை விடவில்லை.

அக்டோபர் 9, புதன்

இடது கை எழுத்து. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆக்னஸ் ஊட்டிவிடுகிறாள். ஸ்தோத்திரம்.

நவம்பர் 24, ஞாயிறு

கட்டு அவிழ்த்தாகிவிட்டது. கை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. பிசியோதெரபிக்குப் போய் வருகிறேன். பேனா பிடிக்கலாம்.

சாயங்காலம் பேக்கரியில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது யாழினி. பக்கத்தில் அவள் அம்மா, கையில் மீனாட்சி கோயில் பிரசாதம். கோயிலுக்கு வந்த இடத்தில் விசாரித்து வந்திருக்கிறார்கள்.

"கை எப்படி இருக்குதுங்க்கா?" என்றாள். பதில் சொல்லும் முன்பே, "நீங்க பண்ணுனது நியாயமில்லீங்க்கா" என்றாள்.

அவள் அம்மா, "ஏய் கண்ணு" என்று அதட்டினார்.

"இரும்மா. நீங்க என்னைத் தோக்கடிச்சுட்டு அரையிறுதிக்கு வரவே இல்ல. உங்களுக்கு எதிர இருந்தவ சும்மாவே ஃபைனலுக்குப் போயி, கப்பும் வாங்கிட்டா. அவகிட்ட நான் இதுவரைக்கும் தோத்ததே இல்லீங்க. ஊட்டுல எல்லாரும், பாவம் அடிபட்டவங்கன்னு உங்களுக்காகத்தான் பேசுறாங்க. என்னைய யாருமே கேக்கல."

 எனக்கு இது தோன்றவே இல்லை. என் கை, என் பிள்ளை, என் புருஷன் என்று இருந்தேன். அந்த வெற்றியின் அந்தப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்ததை மறந்துவிட்டேன்.

"நீ சொல்றது சரிதான்மா" என்றேன். "உன்கிட்ட இருந்து எடுத்துட்டுப் போயி, யாருக்கோ குடுத்துட்டேன்."

அவள் கொஞ்சம் இறங்கினாள். "மன்னிப்பெல்லாம் வேண்டாங்க்கா. அந்தக் கடைசி சர்வீஸ் வரும்னு நான் நெனைக்கவே இல்ல. தினமும் கனவுல வருது."

"நீ என் தோளுக்கே அடிச்ச பாரு. அதுக்கு நான் உனக்கு நன்றி சொல்லணும்னு நெனச்சுட்டே இருந்தேன்."

"நன்றியா? எல்லாரும் அதுக்குத்தானுங்க்கா என்னையத் திட்டுனாங்க!"

அவள் அம்மா சிரித்துவிட்டார். உட்காரவைத்தேன். இவர் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். ஆக்னஸ் சூடான பன் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு யாழினியின் எதிரே போய் நின்று, "எங்கம்மா உங்கள ஜெயிச்சுட்டாங்கல்ல?" என்று உறுதி செய்துகொண்டாள்.

"ஜெயிச்சுட்டாங்க பாப்பா" என்றாள் யாழினி. பன்னைப் பிட்டு டீயில் நனைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "எப்பங்க்கா திரும்ப ஆடுவீங்க?"

"கண்ணு, இன்னும் ஒன்பது மாசம் மட்டையத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. அப்ப எனக்கு முப்பத்தொன்பது ஆயிருக்கும். பேங்க்கு இருக்கு, பிள்ளை இருக்கு..."

"வயசக் கேக்கலீங்க்கா. எப்பன்னு கேட்டேன்."

 இல்லை என்று சொல்லவும் நா எழவில்லை, வருகிறேன் என்று சொல்லவும் பயமாக இருந்தது. டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அடுப்புப் பக்கமிருந்து இவர் குரல் கேட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருசம் நவம்பர்" என்றார். "தேதி மட்டும் முன்னாடியே சொல்லுங்கம்மா. கடைய அடைக்கணும்."

யாழினி போனை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள்.